எலி டாக்டரும் ஏழாம் நம்பர் கையும்

ஜனவரி 9

தம்பிக்கு,

போன் இருக்கும்போது எதுக்குக் கடிதாசின்னு கேப்ப. போன ஞாயித்துக்கிழமை காலையில நீதான் போன் பண்ணின. நான் எடுத்து "சொல்லு"ன்னேன். நீ "சார், அக்காகிட்ட கொஞ்சம் கொடுக்கிறீங்களா"ன்னு கேட்ட. "நான்தான்டா"ன்னேன். அதுக்கப்புறம் நீ சிரிச்ச, பக்கத்துல இருந்த உன் பொண்டாட்டிக்கும் சொன்ன, அவளும் சிரிச்சா. ரெண்டு பேரும் அடங்க அரை நிமிஷம் ஆச்சு. நான் வெச்சுட்டேன். இனி எடுக்க மாட்டேன். உனக்கு ஏதாவது சொல்லணும்னா எழுது. எழுத்துக்கு ஆம்பளைக் குரல், பொம்பளைக் குரல் கிடையாது.

இது ஒண்ணு மட்டும் இல்ல. போன மே மாசம் பாப்பா கல்யாணத்துல, சம்பந்தி வீட்டுக்காரங்க சுத்தி நிக்கும்போது என் தோள்ல கை போட்டுக்கிட்டு, "எங்க அக்காகிட்ட யாரும் வம்பு வெச்சுக்காதீங்க, பயில்வான் ஆயிட்டா, தாடையைப் பாருங்க"ன்ன. அவங்க சிரிக்கிறதா வேணாமான்னு தெரியாம முழிச்சாங்க. பாப்பா புருஷன் வீட்டுக்குப் போன முதல் வாரமே யாரோ "உங்கம்மா பயில்வானாமே"ன்னு கேட்டாங்களாம். பொண்ணு பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்திருக்கா. அவளுக்கு நீ ஒரு மன்னிப்பு எழுதணும். அதுக்குத்தான் இந்தக் கடிதாசி.

என்னைப் பத்தி உனக்கு என்ன தெரியும். கையுறைக் கம்பெனியில நான் தோல் வெட்டுறேன்னு தெரியும். ஆனா நான் அங்க சேர்ந்தது வெட்டுறதுக்கு இல்ல, என் கைக்கு. அச்சு அசலா ஏழாம் நம்பர் கை. புது மாடல் எது வந்தாலும் முதல் ஜோடியை என் கையில மாட்டிப் பாத்துட்டுத்தான் மத்ததை வெட்டுவாங்க. இருபத்தாறு வருஷம். போன வருஷம் ஏழு ஏறல. அப்புறம் எட்டு ஏறல. ஒரு மாசத்துக்கு முன்னால மேனேஜர் கூப்பிட்டு, "வயசானா உப்பத்தாம்மா செய்யும், இனிமே அந்தப் புதுப் பொண்ணு கையைப் பாத்துக்கிறோம், நீங்க கட்டிங்ல இருங்க"ன்னுட்டார். விரல்ல இருந்த மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தாங்க.

இதெல்லாம் நீ பரிதாபப்படணும்னு எழுதல. உன்கிட்ட அந்தச் சரக்கு கிடையாதுன்னு எனக்குத் தெரியும். நம்ம குடும்பத்துலயே அதிகம் படிச்சவன் நீ. டாக்டர்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு தலைவலிக்கு மாத்திரை சொல்லத் தெரியாத, எலித்தலையை வெட்டுற டாக்டர்.

அக்கா

&nbsp;

ஜனவரி 21

அக்கா,

உன் கடிதம் வந்தது. ஒரு சிரிப்புக்கு இத்தனை பக்கமா.

முதலில் குரல். இருபத்தாறு வருடம் தோல் தூசியை முகர்ந்துகொண்டு, மெஷின் சத்தத்துக்கு மேலே ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் குரல் கட்டைதான். முகமும் கையும் உப்பியிருப்பதற்குக் காரணம் ஐம்பத்திரண்டு வயது, நாற்காலியை விட்டு எழுந்திருக்காத பழக்கம். காலையில் அரை மணி நேரம் நட. உங்கள் மேனேஜர் சொன்னதில் எந்தத் தவறும் இல்லை. கண்ணாடியோடு உனக்குச் சண்டை என்றால் அதில் என்னைச் சேர்க்காதே.

பாப்பாவுக்கு மன்னிப்புக் கடிதமாம். கல்யாண வீட்டில் தாய்மாமன் கிண்டல் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்? அதற்கு அழுகிற பெண்ணை நீதான் வளர்த்திருக்கிறாய்.

அடுத்தது எலித்தலை. நான் என்ன செய்கிறேன் என்று குடும்பத்தில் ஒருவரும் கேட்டதில்லை, அதனால் கேட்காமலே சொல்கிறேன். மூளைக்கு அடியில், மூக்கின் வேருக்கு நேர் பின்னால், பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பெயர் பிட்யூட்டரி. அதிலுள்ள ஒரு வகைச் செல்கள்தான் வளர்ச்சி ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. தம் இஷ்டத்துக்கு விடுவதில்லை. ஒவ்வொரு செல்லின் மேலும் ஏற்பிகள் என்று சில புரதங்கள் பதிந்திருக்கின்றன. மூளையிலிருந்து ஒரு பொருள் வந்து ஒருவகை ஏற்பியில் உட்கார்ந்தால் 'விடு' என்று அர்த்தம். இன்னொரு பொருள் வந்து இன்னொரு ஏற்பியில் உட்கார்ந்தால் 'நிறுத்து'. வயிறு காலியாக இருக்கும்போது இரைப்பையிலிருந்தே மூன்றாவது ஒன்று கிளம்பி வந்து, 'இன்னும் விடு' என்கிறது. இவை மாறி மாறி வருவதால்தான் ஹார்மோன் விட்டு விட்டுச் சுரக்கிறது. இல்லையென்றால் மூடாத குழாய் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் பன்னிரண்டு வருடமாகப் பார்ப்பது அந்த 'நிறுத்து' ஏற்பியை மட்டும். பிப்ரவரி கடைசியில் நடக்கும் மாநாட்டில் முக்கிய உரை என்னுடையது. ஐந்நூறு பேர் கேட்பார்கள். உனக்கு இது புரியாது என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன். எலித்தலை என்று இனிமேல் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் கூசட்டும் என்பதற்காக.

தம்பி

&nbsp;

பிப்ரவரி 3

தம்பிக்கு,

புரிஞ்சுது. எட்டாங்கிளாஸ் படிச்சவளுக்கே புரியிற மாதிரி எழுதியிருக்க. பன்னிரண்டு வருஷத்துல நீ உருப்படியாச் செஞ்ச ஒரு காரியம் அதுதான்னு நினைக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்துல கட்டிங் டேபிள்ல வெச்சு எங்க பொண்ணுங்களுக்கு வாசிச்சுக் காமிச்சேன். "பட்டாணிக்குப் பன்னிரண்டு வருஷமா"ன்னு ஒருத்தி கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. நீ சிரிச்ச மாதிரி இல்ல, நல்லவிதமாத்தான். பொத்தான் தைக்கிற பொண்ணு மட்டும் சிரிக்காம ரெண்டு கேள்வி கேட்டா. "வளர்ந்து முடிஞ்சவங்களுக்கு அந்தச் சுரப்பு எதுக்குக்கா, நின்னுடாதா?" இது ஒண்ணு. "அந்த நிறுத்து சரியா வேலை செய்யலன்னா என்ன ஆகும்?" இது ரெண்டு. எனக்குச் சொல்லத் தெரியல. ஐந்நூறு பேருக்குச் சொல்லப் போறவன்கிட்ட கேட்டுச் சொல்றேன்னேன். தெரிஞ்சா எழுது. தெரியலன்னா தெரியலன்னு எழுது. அந்த வார்த்தையை நீ எழுதி நான் பாத்ததே இல்ல, ஆசையா இருக்கு.

நீ சொன்னபடி நடந்தேன். பத்து நாள் காலையில போனேன். பழைய செருப்பு காலுக்குக் கொள்ளல. புதுசு வாங்கக் கடைக்குப் போனா பொம்பளைங்க அலமாரியில என் அளவு இல்லன்னு ஆம்பளைங்க பக்கம் அனுப்பினான். அதையும் போட்டுக்கிட்டுத்தான் நடந்தேன். பத்தாம் நாள் முட்டி வீங்கிடுச்சு. வியர்வையில ரவிக்கை பிழியிற மாதிரி ஆயிடுது. வீட்டுக்காரர் என் குறட்டை தாங்காம ஹால்ல படுக்கிறார். வைத்தியம் சொன்ன மகராசன் நல்லா இரு.

பாப்பாவுக்கு இன்னும் எழுதல நீ.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 15

அக்கா,

உன் கட்டிங் டேபிள் மகாசபைக்கு என் வணக்கம். பொத்தான்காரியின் கேள்விகள் என் மாணவர்கள் சிலர் கேட்பதைவிட மேல். பதில் இதோ. சாப்பாட்டு நேரத்தில் வாசிக்கலாம்.

வளர்ந்து முடிந்த பிறகும் அந்த ஹார்மோன் சுரக்கும். கொழுப்பு, தசை, சர்க்கரை இவற்றைக் கவனித்துக்கொள்ள அது வேண்டும், அளவோடு.

இரண்டாவது கேள்வி. சில பேருக்கு அந்தச் சுரப்பியில் ஏதோ ஒரு செல்லுக்குள் ஒரு பிழை வந்துவிடுகிறது. 'விடு' என்ற சேதி வராமலேயே, வந்துவிட்டதுபோல் அது நடந்துகொள்கிறது. பெருகிக் கட்டியாகிறது. 'நிறுத்து' என்பதை அது சரியாகக் கேட்பதில்லை. ஹார்மோன் நாள் முழுக்க ஓடுகிறது. சின்ன வயதில் வந்தால் ஆள் பனைமரம் மாதிரி வளர்வார். பெரியவர்களுக்கு வந்தால் எலும்பு நீள முடியாது, அதனால் தடிக்கும். அக்ரோமெகலி என்று பெயர். என் உரையின் நான்காவது படமே அப்படிப்பட்ட ஒரு பெண்மணியின் முகம்தான். பன்னிரண்டு வருடமாக அதே படத்தைக் காட்டுகிறேன், எனக்கு மனப்பாடம். கையும் காலும் அகலும். மோதிரம் இறுகும். செருப்பு அளவு கூடும். தாடை முன்னால் வரும், பற்களுக்கு நடுவே சந்து விழும். மூக்கும் உதடும் தடிக்கும். தொண்டை தடித்துக் குரல் கட்டையாகும், குறட்டை வரும். மூட்டு வலி, காரணமில்லாத வியர்வை, பிறகு சர்க்கரை வியாதி. மெல்ல மெல்ல வருவதால் கூட இருப்பவர்களுக்கே தெரியாது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பல வருடம் கழித்துத்தான் யாராவது கண்டுபிடிக்கிறார்கள். 'நோயாளி எதிரே நிற்கிறாள், நாம் பார்ப்பதில்லை; மருத்துவத்துக்கு இதைவிட வெட்கக்கேடு உண்டா' என்று உரையில் ஒரு வரி வைத்திருக்கிறேன். கைதட்டல் வாங்கும் வரி.

போதுமா? இதற்கு மேல் கேள்வி இருந்தால் காலேஜில் சேரச் சொல்.

நடப்பதை நிறுத்தாதே. சரியான செருப்பு வாங்கினால் முட்டி வலிக்காது.

தம்பி

&nbsp;

மார்ச் 4

தம்பிக்கு,

உன் கடிதாசியைக் கட்டிங் டேபிள்ல சத்தமா வாசிச்சேன். மோதிரம்னு வந்ததும் பொத்தான் தைக்கிற பொண்ணு தலை நிமிந்தா. செருப்புன்னு வந்ததும் மத்தவளுங்க கத்தரியைக் கீழ வெச்சுட்டாங்க. குறட்டைன்னு வந்ததும் நான் வாசிக்கிறதை நிறுத்திட்டேன். அப்புறம் பொத்தான்காரி, "அக்கா, அரை நாள் லீவு போட்டுட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னா. அவ ஆறாங்கிளாஸ்.

பெரிய ஆஸ்பத்திரியில ஹார்மோனுக்குன்னு ஒரு டாக்டரம்மா இருக்காங்க. சின்னப் பொண்ணு, பாப்பாவை விட நாலஞ்சு வயசு கூட இருக்கும். நான் ஒண்ணும் சொல்றதுக்கு முன்னால என் கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

"பழைய போட்டோ ஏதாவது இருக்காம்மா?"

பர்ஸ்ல கம்பெனி அடையாள அட்டை இருந்துச்சு, பதினஞ்சு வருஷத்துக்கு முன்னால எடுத்தது. அதை மேஜையில வெச்சு என் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பாத்தாங்க. எனக்கே அன்னைக்குத்தான் அட்டையில இருக்கிறது வேற ஒருத்தியோன்னு தோணுச்சு.

"இங்க வரணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"தம்பி எழுதியிருந்தான். அதை வாசிச்சுட்டு வந்தேன்."

"அவரு டாக்டரா?"

"எலி டாக்டர்."

"நல்லாக் கவனிச்சிருக்காரு"ன்னாங்க.

நான் ஒண்ணும் சொல்லல. அந்த ஒரு இடத்துல உன் மானத்தைக் காப்பாத்தி விட்டேன். இங்க அதுக்கு அவசியம் இல்ல.

ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி குடிக்கக் குடுத்து, அரை மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தாங்க. சர்க்கரை உள்ள போனா அந்த ஹார்மோன் இறங்கணுமாம். எனக்கு இறங்கல. தலையை ஸ்கேன் எடுத்தாங்க. பட்டாணியில பதினாறு மில்லிமீட்டர் கட்டி. பத்து வருஷமா வளர்ந்திருக்கும்ங்கிறாங்க. சர்க்கரையும் இருக்கு.

நான் உனக்கு என்னென்ன எழுதினேன்னு எடுத்துப் பாரு. மோதிரம் எழுதினேன். கை எழுதினேன். செருப்பு, முட்டி, வியர்வை, குறட்டை எல்லாத்தையும் எழுதினேன். குரலை நீயே காதால கேட்ட. தாடையைச் சம்பந்திக்குக் காட்டினவனே நீதான். அத்தனையையும் வாங்கி வெச்சுக்கிட்டு, அதே பட்டியலை எனக்கே திருப்பி எழுதி, அடியில செருப்பு மாத்துன்னு யோசனையும் சொல்லியிருக்க. ஒரு முட்டாள் இதைச் செஞ்சிருந்தா மன்னிச்சிருப்பேன்.

மார்ச் 24 ஆபரேஷன். மூக்கு வழியா எடுப்பாங்களாம். வராதே.

அக்கா

&nbsp;

மார்ச் 11

அக்கா,

மாநாடு பிப்ரவரி 26 அன்று நடந்தது. நான்காவது படம் போட்டேன். அந்த வரியைச் சொன்னேன். கைதட்டினார்கள். ஊருக்குத் திரும்பிப் பத்து நாள் கழித்து நேற்று உன் கடிதம் வந்தது.

இன்று காலை அலுவலக அறையைத் தாழிட்டுக்கொண்டு அந்தப் படத்தையும் பாப்பாவின் கல்யாணப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூக்கு, உதடு, தாடை. ஒவ்வொன்றாக. போட்டோவில் என் கை உன் தோள்மேல் இருக்கிறது. நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குச் சில சாக்குகள் தோன்றின. உயிரோடு ஒரு நோயாளியை நான் பார்த்ததே இல்லை. எலி மோதிரம் போடுவதில்லை. அக்காவின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் புதிதாகப் பார்க்கவில்லை. இதையெல்லாம் எழுதிப் பார்த்தால் சாக்கு சொல்கிறவன் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அதனால் விடுகிறேன்.

காரியத்துக்கு வருகிறேன். உங்கள் ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு எத்தனை பிட்யூட்டரி ஆபரேஷன் செய்கிறார்கள்? பத்துக்குக் கீழே என்றால் அது கசாப்புக் கடை, அங்கே படுக்காதே. இங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், பேசிவிட்டேன், தேதி தருவார். எங்கே செய்தாலும் எடுத்த கட்டியைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தச் சொல். அந்தச் செல்களில் 'நிறுத்து' ஏற்பி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பின்னால் மருந்து கொடுக்க நேர்ந்தால் அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். இது உங்கள் சின்னப் பெண் டாக்டருக்குத் தெரியுமோ என்னவோ.

வராதே என்கிறாய். வருவேன்.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 8

தம்பிக்கு,

வந்த. மூணு நாள் காரிடார் பெஞ்சுல நீ உக்காந்திருந்ததா பாப்பா சொன்னா. உள்ள விட வேண்டாம்னு நர்ஸ்கிட்ட சொன்னது நான்தான். மூக்கு ரெண்டுலயும் பஞ்சு வெச்சு அடைச்சு, முகம் கட்டியிருந்தாங்க. பாக்க வேண்டிய நேரத்துல பாக்காத கண்ணுக்கு அப்ப வந்து என்ன வேலை.

ஆனா கதவு சரியாச் சாத்தாததால நீ பேசினது எல்லாம் காதுல விழுந்துச்சு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் சர்ஜனை மடக்கி அந்த ஏற்பி இந்த ஏற்பின்னு கால் மணி நேரம் பாடம் எடுத்த. அவர் பொறுமையாக் கேட்டுட்டு, "சார், வருஷத்துக்கு நாப்பது கேஸ் பண்றேன். நீங்க வருஷத்துக்கு எத்தனை?"ன்னார். நீ "நான் எலிகள்ல"ன்னு ஆரம்பிச்ச. அவர் "எலிகளுக்கு வரும்போது உங்களைக் கூப்பிடுறேன்"னுட்டுப் போயிட்டார். தலைக்குள்ள கத்தி வெக்கப் போறாங்கன்னு பயந்துக்கிட்டுப் படுத்திருந்தவளுக்கு ஒரு வாரமா வராத சிரிப்பு அன்னைக்கு வந்துச்சு. அதுக்கு மட்டும் நீ வந்தது வீண் இல்ல.

பாப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டியாம். "மாமா அழுதுட்டாரும்மா"ங்கிறா. வரவேண்டியது பத்து மாசம் லேட்டா வந்துச்சு, வாங்கி வெச்சுக்கோன்னு சொன்னேன்.

கட்டியில முக்கால்வாசி எடுத்துட்டாங்க. மீதி ஒரு பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருக்காம், கத்தி வெக்க முடியாதாம். ஹார்மோன் பாதிதான் இறங்கியிருக்கு. மிச்சத்துக்கு மாசம் ஒரு ஊசி. அந்த ஊசி நீ சொல்ற 'நிறுத்து' ஏற்பியில போய் உக்காரும், அது நிறைய இருந்தா கேக்கும், இல்லன்னா கேக்காதுன்னு அந்தச் சின்னப் பொண்ணு டாக்டர் எனக்கு ரெண்டே நிமிஷத்துல சொல்லிட்டாங்க. அவங்களுக்குத் தெரியுமோ என்னவோன்னு நீ கவலைப்பட்டதால எழுதறேன்.

அந்தச் சோதனை இந்தப் பக்கத்துல வேற எங்கயும் இல்லையாம். உன் ஆராய்ச்சிக் கூடத்துக்குத்தான் அனுப்பணுமாம். நம்பர் மட்டும் ஒட்டி அனுப்புவாங்க. சம்மதம்னு கையெழுத்து போட்டேன். உன்னை நம்பிப் போட்டேன்னு நினைச்சுக்காதே. வேற இடம் இல்லாததால போட்டேன்.

அக்கா

&nbsp;

மே 19

அக்கா,

முடிவு உங்கள் டாக்டருக்குப் போய்விட்டது. அவரே உன்னிடம் சொல்வார். அதற்கு முன்னால் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

பெட்டி வந்த தேதியை வைத்து எது உன்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் நான் தொடவில்லை. எங்கள் லேபில் பதினெட்டு வருடமாக இருக்கும் டெக்னீஷியன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன். அந்த ஏற்பி இருக்கும் செல்களின் ஓரம் பழுப்பு நிறமாகத் தெரியும். சாயங்காலம் அவர் என் அறைக்கு வந்தார்.

"சார், அந்தப் புது சாம்பிள்ல பழுப்பே இல்ல. ரொம்பக் கம்மி."

"எவ்வளவு?"

"நூத்துக்குப் பதினொண்ணு இருக்கும்."

"இன்னொரு தடவை எண்ணுங்க."

"ரெண்டு தடவை எண்ணிட்டேன் சார். யாருது இது, தெரிஞ்சவங்களா?"

அக்கா என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்த மாத ஊசி உனக்குக் கேட்பது சந்தேகம். முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பார்கள், அதுதான் முறை. கேட்காவிட்டால் நீ மனம் விட்டுவிடாதே. நான் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து பார்த்த ஏற்பி உன்னிடம் இல்லை. நான் கண்டுபிடித்தது எதுவும் உனக்குப் பிரயோஜனம் இல்லை.

என் எதிர் அறையில் ஒருவர் இருக்கிறார். ஒன்பது வருடமாக நான் அவரை மதித்ததில்லை. முதுகுக்குப் பின்னால் ஈரல்காரன் என்பேன். ஹார்மோன் எங்கே கிளம்புகிறது என்பது முக்கியமில்லை, எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் முக்கியம் என்று பிடிவாதம் பிடிப்பவர். மறுநாள் காலை முதல் முறையாக அவர் கதவைத் தட்டினேன். உள்ளே கூப்பிட்டு, ஒரு பழைய கவரின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். வளர்ச்சி ஹார்மோன் ஈரலுக்குப் போய், அங்கிருக்கும் வேறொரு ஏற்பியில் உட்கார்ந்துதான் உடம்பைத் தடிக்க வைக்கிறது. அந்த இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் ஒரு மருந்து இருக்கிறது. தினம் ஒரு ஊசி. கட்டி தன் பாட்டுக்கு ஹார்மோனை விட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் அது போய் உட்கார இடம் இருக்காது. ஈரலையும் கட்டியையும் அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும். உங்கள் டாக்டருக்கு இது கட்டாயம் தெரிந்திருக்கும். இந்த முறை நான் சந்தேகப்படவில்லை.

கிளம்பும்போது அவர், "உங்க அக்காவுக்குக் கை வலிக்குதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

நீ வாசிக்க ஆசைப்பட்ட வார்த்தை அது. எழுதிவிட்டேன்.

தம்பி

&nbsp;

நவம்பர் 28

தம்பிக்கு,

நீ சொன்னபடியேதான் ஆச்சு. மாச ஊசி மூணு போட்டாங்க, ரத்தத்துல பாக்கிற நம்பர் இம்மி அசையல. செப்டம்பர்ல இருந்து அந்த ஈரல்காரர் ஊசி. தினம் காலையில வயித்துல நானே குத்திக்கிறேன். போன வாரம் நம்பர் கோட்டுக்குள்ள வந்துடுச்சு. வியர்வை நின்னுடுச்சு, சர்க்கரை இறங்கியிருக்கு, வீட்டுக்காரர் ஹால்ல இருந்து திரும்பி வந்துட்டார். எலும்பு மட்டும் வத்தாதாம். தாடை இதேதான், குரலும் இதேதான். கம்பெனியில சாம்பிள் வேலை அந்தப் புதுப் பொண்ணுகிட்டயே இருக்கட்டும்னு நானே சொல்லிட்டேன். அவ கை நல்ல கை.

கை வலிக்குது. காலையில எழுந்ததும் மடக்க முடியாது, அரை மணி கழிச்சு சரியாகும். அவருக்குச் சொல்லு. நன்றியையும் அவருக்கே சொல்லிடு. உனக்கு நான் சொல்றதா இல்ல. நீ மூணு கடிதாசி அனுப்பிட்ட, நான் பதில் போடல. இப்பவும் சமாதானத்துக்கு எழுதல. ஒரு விஷயம் நடந்துச்சு, அதைச் சொல்லத்தான்.

வியாழக்கிழமைதோறும் எங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னு தனியாப் பாக்கிறாங்க. அங்க ஒரு பஸ் கண்டக்டர் வருவார். என் வயசு இருக்கும். முட்டிக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒரு டாக்டர், குறட்டைக்கு ஒரு டாக்டர்னு பதினோரு வருஷம் அலைஞ்சிருக்கார். ஆளுக்கு ஒரு துண்டைப் பாத்துட்டு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க. முழுசா ஒருத்தரும் பாக்கல. பஸ்ல ஏறுற பசங்க கொரில்லான்னு கூப்பிடுவாங்களாம். சிரிச்சுக்கிட்டே சொன்னார். எனக்குச் சிரிக்க வரல.

பையில உன் பிப்ரவரி கடிதாசி இருந்துச்சு. வாசிக்கக் குடுத்தேன். ரெண்டு தடவை வாசிச்சார்.

"யாரும்மா எழுதினது? அப்படியே என்னை எழுதியிருக்காரே. என்னைப் பாத்ததே இல்லாம எப்படி எழுதினாரு?"

"பாக்காம இருந்தாத்தான் அவனுக்கு எழுத வரும்"னேன்.

அந்த ஒரு பக்கத்தை நகல் எடுத்துக்கிட்டுப் போய் பஸ் டிப்போ பலகையில ஒட்டிட்டார். காலேஜில் சேரச் சொல்னு நீ எழுதின வரியை மட்டும் அடிச்சுட்டார். அதைப் பாத்துட்டு ஒரு டிரைவர் தன் மச்சினியைக் கூட்டிட்டு வந்தார். டிப்போவுக்கு எதிர்ல செருப்புக் கடை வெச்சிருக்கிறவர், மூணு வருஷத்துல மூணு தடவை அளவு மாத்தி வாங்கின வாத்தியார் ஒருத்தரைத் தேடிப் பிடிச்சு அனுப்பினார். ரெண்டு பேருக்குமே கட்டி. சின்னதா இருக்கும்போதே தெரிஞ்சுடுச்சு, முழுசா எடுத்துட்டாங்க. உன் பன்னிரண்டு வருஷத்தைப் பத்தி நான் எழுதினது எதையும் வாபஸ் வாங்கல. இந்த ரெண்டு பேரைத் தனியா வெச்சுக்கோ.

அந்த டாக்டரம்மா உன்னை வரச் சொன்னாங்க. பேச இல்ல, பாக்க. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும். நாங்க ஆறு பேர் பெஞ்சுல வரிசையா உக்காந்திருப்போம். எல்லாருக்கும் ஒரே தாடை, ஒரே மூக்கு, ஒரே கை. புதுசா வர்றவங்க எங்களை ஒரு வயித்துப் பிள்ளைங்கன்னு நினைச்சுப்பாங்க. எலியை விட்டுட்டு வா. வாயைத் திறக்காதே. நானும் கூப்பிட மாட்டேன், கை காட்ட மாட்டேன். ஒவ்வொரு முகமா, அவசரப்படாம, நல்லாப் பாரு. உன் அக்கா எதுன்னு கண்டுபிடி.

கண்டுபிடிச்சா பக்கத்துல வந்து உக்காரு.

அக்கா